வெள்ளக் காசு: வெளிநாட்டில் சேர்வது வன்னியில் எங்கே போய்ச் சேர வேண்டும்?

கார்த்திகை மழையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் வான் பாயத் தொடங்கினால், அந்தச் செய்தி கண்டாவளைக்குப் போகிற வேகத்திலேயே கனடாவில் ஸ்காபரோவுக்கும் லண்டனில் ஈஸ்ட்ஹாமுக்கும் பாரிஸ் லா சப்பலுக்கும் போய்விடுகிறது. "தண்ணி வீட்டுக்குள்ள வந்திட்டுது" என்று இங்கிருந்து ஒரு குரல் பதிவு போகும். "ஊருக்கு ஏதாவது செய்ய வேணும்" என்று அங்கே ஒருவர் வட்ஸ்அப் குழுவில் எழுதுவார். அடுத்த நாளே காசு சேரத் தொடங்கிவிடும். அது எப்படிச் சேர்கிறது, எந்த வழியாக வருகிறது, யாருடைய கைக்குப் போகிறது, யாருடைய கைக்குப் போகாமல் நின்றுவிடுகிறது என்பதை இங்கே சொல்லப்போகிறேன். முதன்முறையாகக் காசு கொடுப்பவரையும், ஊர்ச் சங்கத்தில் முதன்முறையாகப் பொருளாளர் பொறுப்பை ஏற்றிருப்பவரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வன்னி என்று இங்கே நான் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பெருநிலப்பரப்பை. குளமும் காடும் வயலும் கரையோரமும் சேர்ந்த நிலம். 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது, போரால் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்தின் மேலேதான் அந்த மழை கொட்டியது. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. 2020 டிசம்பரில் புரெவி. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் பட்டி பட்டியாக மாடுகள் விறைத்துச் செத்தன. 2024 நவம்பரில், பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கொண்டுவந்த மழையில் உயர்தரப் பரீட்சையையே சில நாள் தள்ளிவைக்க வேண்டி வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா நாடு முழுவதையும் அடித்தது. இலங்கையில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இவ்வளவு நெருக்கமாக அனர்த்தம் வருகிற இடத்தில் நிவாரணம் என்பது எப்போதாவது ஒருமுறை செய்கிற தருமமாக இருக்க முடியாது. அதற்கு ஒரு ஒழுங்கு தேவைப்படுகிறது.

காசு சேர்ப்பது யார்?

பெரும்பாலும் நான்கு விதமானவர்கள். ஊர்ச் சங்கங்கள், பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், கோயில்களும் தேவாலயங்களும், அந்தந்த நாட்டில் தொண்டு நிறுவனமாகப் பதிந்த அமைப்புகள். முதல் மூன்றிலும் நம்பிக்கைதான் முதல். சேர்ப்பவரை எல்லோருக்கும் தெரியும், அவருடைய அப்பாவையும் தெரியும். நான்காவதில் பதிவிலக்கம் இருக்கும், ஆண்டுக் கணக்கறிக்கை இருக்கும், வரிச் சலுகையும் இருக்கும்.

வரிச் சலுகை சின்ன விஷயம் அல்ல. பிரிட்டனில் வரி கட்டுகிற ஒருவர், தகுதியுள்ள தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்ஸோடும் அந்த நிறுவனம் இன்னொரு 25 பென்ஸை அரசிடமிருந்து கேட்டு வாங்கலாம். கிப்ட் எய்ட் என்பது அதுதான். பொதுவாக இதற்குப் பெயரும் முகவரியும் எழுதிய ஒரு படிவம் வேண்டும். கனடாவில் பதிந்த தொண்டு நிறுவனம் தருகிற பற்றுச்சீட்டைக் காட்டி, காசு கொடுத்தவர் தன் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்; பதியாத ஊர்ச் சங்கம் அந்தப் பற்றுச்சீட்டைக் கொடுக்க முடியாது. அதனால் சின்னச் சங்கங்கள் அனர்த்த நேரத்தில் மட்டும் ஒரு பதிந்த அமைப்போடு சேர்ந்து காசு சேர்ப்பதுண்டு. நல்ல வழிதான், ஆனால் யார் என்ன செய்வது, மிச்சக் காசு யாரிடம் இருப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டனில் 200 பேர் ஆளுக்கு 25 பவுண்ஸ் போடுகிறார்கள். 5,000 பவுண்ஸ். எல்லோரும் வரி கட்டுபவர்கள், எல்லோரும் படிவம் நிரப்பியிருக்கிறார்கள் என்றால் இன்னும் 1,250 பவுண்ஸ் சேரும். ஒரு பவுண்ஸ் 400 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 25 லட்சம் ரூபாய். பதியாத ஒரு சங்கத்தின் உண்டியல் பெட்டியில் நோட்டாகப் போட்டிருந்தால் 20 லட்சத்தோடு நின்றிருக்கும். அந்த 5 லட்சத்துக்கு நாங்கள் என்ன செய்திருப்போம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

எந்த வழியாக வருகிறது?

வங்கி, காசு அனுப்பும் முகவர் நிறுவனங்கள், உண்டியல். கோயில் உண்டியல் அல்ல, மற்ற உண்டியல்: அங்கே ஒரு கடைக்காரரிடம் பவுண்ஸைக் கொடுக்க, இங்கே ஒருவர் வீட்டுக்கே வந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். காகிதம் கிடையாது. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் வங்கி விலையைவிட உண்டியல் விலை நல்ல உயரத்தில் நின்றதால் கனபேர் அந்தப் பக்கம் போனார்கள். 2022 மார்ச்சில் ரூபாயைச் சந்தை விலைக்கு விட்டபிறகு அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது.

உங்கள் அம்மாவுக்கு எந்த வழியில் அனுப்புகிறீர்கள் என்பது வேறு விஷயம். ஊர்க் காசை உண்டியலில் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு காரணம். 200 பேர் நம்பிக் கொடுத்த காசுக்கு ஒரு சின்னத் துண்டுகூடச் சாட்சியாக இருக்காது என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 2006இல், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில், நிவாரண வேலை செய்த தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை இலங்கை மத்திய வங்கி முடக்கியது. 2007இல் அமெரிக்காவும் அதைத் தடைசெய்தது. 2014இல் இலங்கை அரசு 16 அமைப்புகளைத் தடைப் பட்டியலில் போட்டது, 2015இல் சிலவற்றை எடுத்தது, 2021இல் திரும்பப் போட்டது, 2022இல் மறுபடி சிலவற்றை எடுத்தது. இதன் பலன் இன்றைக்கும் இருக்கிறது: வடக்குக்குப் போகிற காசு என்றால் வெளிநாட்டு வங்கிகள் இரண்டு கேள்வி கூடக் கேட்கும், இங்கே வாங்குபவரையும் விசாரிப்பார்கள். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் பயமில்லாமல் வேலை செய்யலாம். அனுப்பும் முன் அன்றைய தடைப் பட்டியலைப் பார்த்துக்கொள்வதும் பொருளாளரின் வேலை.

இங்கே வாங்குகிற கணக்கு யாருடையது? இதுதான் அடுத்த சிக்கல். அவசரத்தில் ஒரு மச்சானுடைய சேமிப்புக் கணக்குக்குக் காசு வந்துவிடும். மச்சான் நேர்மையானவராகவே இருப்பார், ஆனாலும் ஊரில் கதை வரும். கதை வந்தால் அடுத்த வருடம் காசு வராது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் என்று எங்கள் ஊர்களில் பதிந்த சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டுக் கையொப்பத்தோடு வங்கிக் கணக்கும், கூட்டக் குறிப்புப் புத்தகமும் வைத்திருக்கும் ஒன்றைத் தெரிவு செய்யலாம். என்னைக் கேட்டால் மாதர் சங்கத்தைத்தான் சொல்வேன். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

வெள்ளம் என்ன செய்கிறது?

படங்களில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டம் பெரும்பாலும் சில நாளில் முடிந்துவிடும். பாடசாலையிலோ கோயில் மடத்திலோ சனம் தங்கும், ஊர் இளைஞர்கள் பெரிய கிடாரத்தில் சோறும் பருப்பும் சாம்பாரும் காய்ச்சுவார்கள், பிரதேச செயலகம் சமைத்த உணவுக்கு ஒழுங்கு செய்யும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தால் படகு வரும். முதல் மூன்று நாளுக்கு வெளிநாட்டுக் காசு பெரும்பாலும் வந்து சேராது, சேரவும் தேவையில்லை. பக்கத்து ஊரே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் வடிந்த பிறகு தொடங்குவதுதான் நீண்ட கதை.

கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் மூடிப்போன கிணற்றில் தண்ணீர் கலங்கி, மேலே வைக்கோலும் இலையும் மிதக்க, கட்டு விளிம்புவரை நிற்கும். மலசலகூடக் குழியும் நிரம்பி வழிந்திருக்கும், அந்தத் தண்ணீரும் இதற்குள்தான் வந்திருக்கும். உடனே இறைத்துவிடலாமே என்று நினைப்போம். நிலத்தடி நீர் மேலே நிற்கிற நேரத்தில் இறைத்தால் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருக்கும். அடிவரை கட்டாத கிணறு என்றால் ஒரேயடியாக இறைத்ததும் பக்கச் சுவர் இடிந்து உள்ளே விழும். ஆகவே சில நாள் பொறுத்து, மோட்டரைப் போட்டு மெதுவாக இறைத்து, ஒருவர் கயிற்றில் இறங்கிச் சேற்றை வாளி வாளியாகத் தூக்கிக் கொடுத்து, மறுபடி ஊறவிட்டு, குளோரின் போட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சரி சொல்லும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அதுவரை குடிநீர் பவுசரில் வர வேண்டும். மோட்டர் வாடகை, மண்ணெண்ணெய், இறங்குபவருக்குக் கூலி, குளோரின். ஒரு கிராமத்தில் நூறு கிணறு. இதற்கென்று காசு சேர்த்த சங்கங்கள் மிகக் குறைவு, ஏனென்றால் சுத்தமான கிணற்றைப் படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. மேலே சொன்ன 5 லட்சம் இருந்தால், ஒரு கிணற்றுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தாலும் அந்த நூறையும் முடித்திருக்கலாம். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சேறும் தேங்கிய தண்ணீரும் மழையோடு முடிவதில்லை.

அடுத்தது வயல். வன்னியில் பெரும்போகம் காலபோகம். ஐப்பசி மழையோடு விதைத்து, மாசி, பங்குனியில் அறுப்பார்கள். நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தால் பயிருக்கு வயது ஒரு மாதம், ஒன்றரை மாதம். நாலைந்து நாள் மூழ்கி நின்றால் அழுகிவிடும். வாய்க்கால் உடைத்து மணல் வந்து மூடிய வயலில் மணலை அள்ளாமல் எதுவும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் கமக்காரர் உழவுக் கூலி, விதைநெல், பசளை, களைநாசினி எல்லாவற்றுக்கும் செலவழித்து முடித்திருப்பார். பல வீடுகளில் தோடும் சங்கிலியும் அடகில் இருக்கும். மூன்று மாத நெல்லைத் திரும்ப விதைக்க இன்னும் சில வாரங்களே அவகாசம். அந்த வாரங்களுக்குள் விதைநெல்லும் உழவுக் காசும் கையில் கிடைத்தால் ஒரு போகம் பிழைக்கும். தை பிறந்து கிடைத்தால் அந்தக் காசு கடனுக்குத்தான் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளிநாட்டில் காசு சேர்ப்பவர்கள் எங்கள் பயிர்க் காலத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கரையோரத்தில் வலையும் வள்ளமும் இயந்திரமும். காட்டோரத்தில் மாடு. 2022இல் செத்த மாடுகளில் பால் மாடும் இருந்தது, சினை மாடும் இருந்தது. பட்டிக்காரருக்கு மாடுதான் வங்கிப் புத்தகம். பதிவில்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அப்போது பார்த்தோம்.

யாருக்கு ஆளில்லை?

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தப் பகுதிதான்.

புலம்பெயர்ந்த காசு உறவின் வழியேதான் ஓடும். அதில் தவறு ஒன்றும் இல்லை. தன் ஊர், தன் பாடசாலை, தன் கோயில் என்ற பிடிப்பு இல்லாவிட்டால் பனியில் இரண்டு வேலை செய்கிற ஒருவர் 25 பவுண்ஸை எடுத்து நீட்டமாட்டார். ஆனால் அனர்த்தம் அந்த வழியே ஓடுவதில்லை. தாழ்ந்த நிலத்தைத் தேடி ஓடுகிறது. வன்னியில் தாழ்ந்த நிலத்தில், வாய்க்கால் ஓரத்தில், காட்டு விளிம்பில் இருப்பவர்களில் பலருக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை.

1958, 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் வன்னியில் நிறைய. 1977க்குப் பிறகு காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் பல குடும்பங்களைக் குடியமர்த்தியது. கிளிநொச்சியிலும் அவர்கள் காடு வெட்டி உருவாக்கிய கிராமங்கள் உண்டு. வயல் வேலையிலும் தோட்ட வேலையிலும் இந்த மண்ணை விளைய வைத்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவுக்குப் போக விற்பதற்கு அவர்களிடம் காணி இருக்கவில்லை, அதனால் அங்கே அவர்களுக்கு ஊர்ச் சங்கமும் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களையும் எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் எட்டுவதில்லை. போரில் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

அரசின் உதவியும் இவர்களில் பலரைத் தவறவிடுகிறது. கிராம அலுவலரின் பட்டியல் பதிவைப் பார்த்துத்தான் எழுதப்படும். குத்தகைக்கு வயல் செய்தவருடைய பயிர் அழிந்தால், காணிப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருக்கும். காசு போட்டவர் ஒருவர், ஏட்டில் இருப்பவர் இன்னொருவர். ஒரு பிரிவில் பதிந்து இன்னொரு பிரிவில் சகோதரி வீட்டில் இருக்கும் குடும்பம் இரண்டு பட்டியலிலும் விடுபடும். கூலி வேலைக்காரருக்கு அழிய வயலும் இல்லை, வலையும் இல்லை. ஒரு மாதம் வேலை இல்லாமல் போனதுதான் அவருடைய இழப்பு, அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இருக்காது.

இப்படி ஒரே குடும்பத்துக்கு மூன்று சங்கங்களின் உலர் உணவுப் பொதி வந்து மா பூச்சி பிடிக்க, இரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு வரிசை வீட்டுக்கு ஒன்றுமே வராமல் போகும். இதைச் சரிசெய்வது பெரிய வித்தை அல்ல. முதலில், எந்தச் சங்கம் எந்தக் கிராமத்துக்குக் கொடுக்கிறது என்று பிரதேச செயலகத்தில் சொல்லிவிட்டுக் கொடுப்பது. இரண்டாவது, சேர்ந்த காசில் ஒரு பங்கைத் தன் ஊருக்கு வெளியே, ஆளில்லாத ஒரு கிராமத்துக்கு என்று கூட்டத்திலேயே தீர்மானித்து ஒதுக்குவது. கால்வாசி என்றாலும் போதும். 25 லட்சத்தில் 6 லட்சத்துக்கு மேல். அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லக் கிராம அலுவலரையும், அங்குள்ள ஆசிரியர் ஒருவரையும், குடும்பநல உத்தியோகத்தரையும் தனித்தனியே கேளுங்கள். மூவரும் சொல்லும் பெயர்கள் ஒத்துவரும் இடத்துக்குப் போகலாம்.

பொருளா, காசா?

பழைய உடுப்பை அனுப்ப வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கரையோர முகாம்களில் குவிந்து கிடந்து நனைந்த குளிர்கோட்டுகளை யாரும் போடவில்லை. கப்பல் செலவுக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் போகிற காசுக்குக் கிளிநொச்சிச் சந்தையில் புதுச் சாரமும் சட்டையும் வாங்கலாம், அந்தக் கடைக்காரரும் வெள்ளத்தில் அடிபட்டவர்தான். பாய், நுளம்பு வலை, சவர்க்காரம், பெண்களுக்கான அணையாடை, பிள்ளைகளின் கொப்பியும் புத்தகப் பையும், எல்லாம் இங்கேயே கிடைக்கும். கடைகள் திறந்துவிட்டால் பொதியைவிடக் காசோ கடைச் சீட்டோ நல்லது. ஒரு வீட்டுக்குப் பால்மா வேண்டும், இன்னொரு வீட்டுக்குத் தாத்தாவின் மருந்து வேண்டும்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குக் காட்டப் படம் தேவை என்பது விளங்குகிறது. பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் சங்கத்தின் பதாகையோடு, தலை குனிந்து நிற்கிற ஒரு தாயின் படம் அதற்குத் தேவையில்லை. அந்தப் படத்தை அவளுடைய மகன் வகுப்பில் யாரோ காட்டுவார்கள். பொருட்களை அடுக்கி வைத்த படம், கடைப் பற்றுச்சீட்டு, பெற்றவர்களின் கையொப்பத் தாள், திருத்திய கிணற்றின் படம், இவை போதும். கையொப்பத் தாளில் அடையாள அட்டை இலக்கம் இருக்கும், ஆகவே அதைக் குழுவில் போடாமல் கணக்காய்வாளருக்கு மட்டும் காட்டுங்கள்.

இனி அந்த 25 லட்சத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று பார்ப்போம். எல்லாவற்றையும் 5,000 ரூபாய்ப் பொதியாக்கினால் 500 குடும்பம், ஒரு வாரம், முடிந்தது. நானாக இருந்தால் 100 பொதிக்கு 5 லட்சம், 100 கிணற்றுக்கு 5 லட்சம், மிச்சம் 15 லட்சத்தை 50 குடும்பங்களுக்கு ஆளுக்கு 30,000 வீதம் விதைநெல், உழவு, வலை திருத்தல், கோழிக்கூடு என்று அவரவர் தொழிலுக்குக் கொடுப்பேன். ஆளில்லாத கிராமத்தின் பங்கையும் இந்த மூன்றுக்குள்ளேயே வைப்பேன், தனியாக ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல். விலைகள் அந்த வருடத்துக்கு ஏற்ப மாறும். பிரிக்கிற விதம் இதுதான்.

கணக்கறிக்கை ஒரு பக்கம் போதும். சேர்ந்தது எவ்வளவு, எந்தத் திகதியில் எந்த விலைக்கு மாற்றியது, வங்கி எடுத்தது எவ்வளவு, எந்தக் கிராமம், எத்தனை குடும்பம், என்ன வகைக்கு, மிச்சம் எவ்வளவு, அது யாருடைய கணக்கில் இருக்கிறது. கொடுத்து முடித்து ஒரு மாதத்துக்குள் அதை அனுப்புங்கள். இரண்டாவது அறிக்கையைப் பங்குனியில், அறுவடை முடிந்த பிறகு கேளுங்கள். திரும்ப விதைத்தவர்களில் எத்தனை பேர் அறுத்தார்கள், அடகு நகை மீண்டதா, நூறு கிணற்றில் எத்தனையில் சனம் குடிக்கிறது என்று அதில் இருக்க வேண்டும்.

மிச்சக் காசு இருந்தால் அதை அடுத்த ஐப்பசிக்கு முன் அந்த மாதர் சங்கத்தின் கணக்கில் தனியாக வைத்து, இரண்டு நீரிறைக்கும் மோட்டர், முப்பது தறப்பாள், ஒரு பெரிய கிடாரம், கொஞ்சம் குளோரின் வாங்கிப் பொதுநோக்கு மண்டபத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். திறப்பு இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவருடைய வீடாவது மேட்டில் இருக்க வேண்டும்.